ரொட்டி இருக்கிற நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் கணவர் பிரசங்க மேடையில் நின்றே சொல்லியிருக்கிறார். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். ஊழியக்காரரின் மனைவி என்றால் பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், சாந்தமாக இருக்க வேண்டும். பாட்டும் தேத்தண்ணியும் எனக்கு நன்றாக வரும். சாந்தம்தான் இன்றுவரை வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம். அப்போது அவர் பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கொஞ்ச காலத்தில் அதை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்டார். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியை வாடகைக்கு எடுத்தோம். முன்பக்கத்து நீளக் கூடம் சபை. பின்பக்கத்து அறையும் அடுப்படியும் எங்கள் வீடு. கீழே கடை வைத்திருந்தவர் முஸ்லிம். அண்ணன் முறை வைத்து அவரை நானா என்று கூப்பிடுவேன். நாங்கள் மேலே கைதட்டிப் பாடினால் அவருடைய சேலைக் கட்டுகளின் மேல் சுண்ணாம்பு உதிரும். சண்டைக்கு வரமாட்டார். "இண்டைக்குப் பாட்டு கொஞ்சம் பலம் போல தங்கச்சி, வெள்ளைச் சாரி எல்லாம் இன்னும் வெள்ளையாயிட்டு" என்பார். அவ்வளவுதான்.

என் கணவர் நல்ல மனிதர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி அவரைப் பற்றிக் கொஞ்சம் சுடச்சுடச் சொல்லப்போகிறேன். பாவத்திலிருந்து ஓர் ஆத்துமா மீட்கப்பட்டால் போதும், மற்றதெல்லாம் தன்னால் பின்னால் வரும் என்று உயிராக நம்பினார். நானும் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் 'பின்னால் வரும்' என்பது எவ்வளவு பின்னால் என்று யாரும் கேட்கவில்லை.

சபைக்கு ஒரு மூப்பர் இருந்தார். வெலிமடைக்காரர். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் என்று மொத்த வியாபாரம். வெளிநாட்டுக் கிழங்கு வருவது நின்றுபோன வருடங்களில் அவர் கை நன்றாக ஓங்கியிருந்தது. கூடத்தின் வாடகையும் ஒலிபெருக்கியும் அவர் உபயம். எல்லாரையும் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அவர் தலையசைக்காமல் சபையில் ஒரு பாய்கூட இடம் மாறாது.

வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு உபவாச ஜெபம். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் முழங்காலில் நிற்பார்கள். மத்தியானத்துக்கு மேல் ஜெபம் முடிந்ததும் உபவாசத்தை முடிக்க நான் கஞ்சி வைப்பேன். அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ள மூப்பர் கொண்டுவரும் கிழங்கை அவித்து மிளகாய்த்தூள் பிரட்டியது. தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசம் கூடத்துக்குள் போனதும் ஆமென் கொஞ்சம் வேகமாக விழத் தொடங்கும். அடுப்படியில் நின்று நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன். எங்களுடைய உபவாசம் அப்படித்தான், முடிவில் ஒரு பானை காத்திருக்கிற உபவாசம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சுவிசேஷம் சொல்லப் போவோம். பசறை வழியாகப் பஸ். பிறகு தேயிலைக்குள் ஏற்றம். ஒருவர் ஒலிபெருக்கிக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொள்வார், இன்னொருவர் பேட்டரியைச் சுமப்பார், மூப்பர் மூச்சு வாங்க வாங்கப் பின்னால் வருவார். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் இருந்த வெளியில் கூட்டம் நடக்கும். எங்கள் பேச்சைக் கேட்கிறவர்களும் உண்டு, குழாயை வேடிக்கை பார்க்கிறவர்களும் உண்டு.

அந்தத் தோட்டத்தில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவள் கடைசி லயத்தில் இருந்த ஒரு பெண். கொழுந்து பறிக்கிறவள். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவளுக்கு நான் அக்கா. அவளுடைய தலைப்பிள்ளை தவழ்கிற வயதில் வயிற்றோட்டத்தில் போய்விட்டது. லயத்துக்குப் பின்னால் தேயிலை முடிகிற இடத்தில் புதைத்திருந்தார்கள். நாங்கள் அவளைச் சந்தித்தபோது கையில் இரண்டாவது பிள்ளை, பால் குடிக்கிற பெண் குழந்தை. அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இத மட்டும் எனக்குக் குடுத்துரச் சொல்லி ஜெபிங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

எழுபதுகளின் நடுவில், அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே, நாடெங்கும் பஞ்சம் வந்தது. பட்டணத்தில் பேக்கரிப் பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்றோம். தோட்டத்தில் அதைவிட மோசம். வேலை நாட்கள் சுருங்கின, தோட்டத்தில் வாராவாரம் அளந்து போடுகிற கோதுமை மாவும் சுருங்கியது. நாங்கள் போகும்போதெல்லாம் ஒரு வாளித் தேத்தண்ணியும் ரொட்டியும் வைத்துக் காத்திருந்த சனம் வெறும் சாயத் தேத்தண்ணியோடு நின்றது. பிறகு அதில் சீனியும் போனது. அவள் புருஷன் கூலி வேலை தேடி ஹாலிஎலப் பக்கம் போய்விட்டான். இதையெல்லாம் பார்த்தோம். பார்த்துவிட்டு ஒலிபெருக்கியைக் கட்டிப் பாடினோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் உபவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம்தான், பதுளையில் செய்திருந்தால். "ஆண்டவர்கிட்ட ஒரு காரியத்தை உறுதியா கேட்கணும்னா வாயைக் கட்டிக் கேளுங்க. பதுளையில நாங்க வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறோம். நீங்களும் அதே நாள்ல இருங்க. அங்கயும் இங்கயும் ஒரே சத்தமா மேல போகட்டும்" என்றார். மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்றார்.

முன்னால் குந்தியிருந்த ஒரு கிழவர் பொக்கை வாயால் சிரித்தார்.

"பட்டினிக்குன்னு தனியா ஒரு நாளு வச்சிருக்கீங்களா ஐயா? எங்களுக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமதாங்க."

லயமே சிரித்தது. என் கணவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"சிரிச்சீங்களே, அவரு என்ன சொன்னாருன்னு புரிஞ்சுதா?"

"உபவாசம் வேற, பட்டினி வேறம்மா."

"வயித்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் இல்லை. அவருக்கு என்னோடு சண்டை போடவே வராது. அதுவும் எனக்கு ஒரு கோபம்.

அடுத்த மாதம் போனபோது கூட்டத்தில் தங்கச்சியைக் காணவில்லை. எப்போதும் முன்வரிசையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருக்கிறவள். பாட்டை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைசி லயத்துக்கு நடந்தேன். அவள் படங்குச் சாக்கில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் பிள்ளை. அழவில்லை, முனகிக்கொண்டிருந்தது. அழுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது. முனகுகிற பிள்ளையைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரிதான் விஷயத்தைச் சொன்னாள். மலையில் கொழுந்துக் கூடையோடு மயங்கி விழுந்திருக்கிறாள். கங்காணி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு வேலைக்கு ஆள் எடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போனாலும் இவள் பேரைப் பதிவதில்லை. பாலும் வற்றிவிட்டது.

"என்ன தங்கச்சி இது, சாப்பிட்டியா இல்லியா?"

"சாப்புட்டேன்க்கா."

"பொய் சொல்றா. ரொட்டி இருக்குற நாள்லயே தொட மாட்டேங்குறா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "வெசாழக்கெழம அந்தியிலதாங்க மா போடுவாங்க. வெள்ளிக்கெழம ரொட்டி சுடுவோம். சனி, ஞாயிறு இழுத்துப் புடிக்கலாம். அதுக்கப்புறம் கீரையும் மரவள்ளியும், அதுவும் கெடச்சாத்தான். இவ என்னான்னா வெள்ளிக்கெழம வாயக் கட்டிக்கிட்டுப் படுத்துர்றா."

வாரத்தில் அவள் வீட்டு அடுப்பில் ரொட்டிக்கல் ஏறுகிற நாளே வெள்ளிக்கிழமைதான். அந்த நாளைப் பார்த்து நாங்கள் உபவாசத்துக்குக் கேட்டிருக்கிறோம்! பசறை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தோம், மழை வருமா என்று விசாரித்தோம், பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் எங்கே கிடைக்கும் என்றுகூட விசாரித்தோம். மா எந்த நாளில் போடுவார்கள் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

"உனக்குப் பைத்தியமா தங்கச்சி? வேற ஒரு நாள்ல இருந்திருக்கலாமே! ஒண்ணுமில்லாத நாள்தான் எத்தனையோ இருக்கே!"

அவள் சிரமப்பட்டுத் தலையைத் தூக்கினாள்.

"இல்லாத நாள்ல கெடந்தா அது எப்புடிக்கா காணிக்கையாகும்? இருக்குறப்ப குடுத்தாத்தானே சாமி வாங்கும். இவளுக்காகத்தான்க்கா."

பிள்ளையின் மேல் கையை வைத்துக்கொண்டு அதைச் சொன்னாள். "இனி வேணாம், நான் சொல்றேன், சாப்பிடு" என்றேன். தலையாட்டினாள். என் மத்தியானச் சோற்றுப் பொதியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது கூட்டம் முடிந்து, கடைசி பஸ் போய்விடும் என்று மூப்பர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதுளை வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் உள்ளே எதுவோ உடைகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் உடைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அந்தப் பிள்ளைக்கு நேரம் இல்லை.

அடுத்த நாளே மூப்பரும் இன்னும் சிலரும் கூடத்தில் கூடினார்கள். நான் வாசற்படியில் நின்றபடியே கேட்டேன், அரிசியும் கிழங்கும் பால்மாவும் கொண்டுபோக வேண்டும் என்று. மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"சிஸ்டர், நானும் லயத்துல பொறந்தவன்தான். எங்கப்பா வேதத்துக்கு வந்தப்போ மாவுக்கு ஆசப்பட்டு மாறினவன், மாவுக் கிறிஸ்தவன்னு லயமே எங்களைச் சொல்லிச்சு. ஒரு பிடி மாவு நாங்க வாங்கல. ஆனா அந்தப் பேரு அவரு சாகுற வரைக்கும் போகல. பெட்டி தூக்கிட்டுப் போகயிலயும் ஒருத்தன் சொன்னான். இந்தச் சனத்துக்கும் அந்தப் பேர வாங்கிக் குடுக்கணுமா? நாம ஜெபிப்போம். கர்த்தர் வேற வழி திறப்பாரு."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

"பேருக்குப் பயந்து பிள்ளைய விடுவமா ஐயா?"

என் கணவர், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இதை விசேஷமாக ஆண்டவரிடம் வைப்போம், அடுத்த மாதம் போகும்போது நானே அவளிடம் பேசுகிறேன் என்றார். அடுத்த மாதமாம்! ஐயோ, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாசற்படியையே உதைத்திருப்பேன்.

கீழே இறங்கிக் கடை வாசலில் நின்றேன். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு முக்காலியை நகர்த்திப் போட்டார். நடந்ததைக் கொட்டினேன். அவர் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எங்கட நோன்புல பால் குடுக்கிற உம்மாமாருக்கு விலக்கு ஈக்குது தங்கச்சி. நோயாளிக்கும் ஈக்குது. உங்கட மார்க்கத்துல அப்பிடி ஒண்டும் இல்லையா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் இன்னும் சுட்டது. எங்களிடம் விலக்கு இல்லாமல் இல்லை, எங்களிடம் சட்டமே இல்லை. விருப்பப்பட்டவர்கள் இருக்கலாம் என்பதுதான். ஆனால் விருப்பப்படுகிறவள் யார், அவள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே, அது இல்லை. நானா உள்ளே போய், தன் பேரப்பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த பால்மா டின்னைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அந்த நாட்களில் பால்மா டின் எவ்வளவு அருமை என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். நான் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கஞ்சிக்கு எடுத்து வைத்திருந்த அரிசி, பயறு, தேங்காய், மூப்பர் முந்தின நாளே அனுப்பியிருந்த கிழங்கு எல்லாவற்றையும் பெரிய பானைக்குள் போட்டுச் சாக்கில் கட்டினேன். பால்மா டின்னை மட்டும் கைப்பையில் வைத்தேன். என் கணவர் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போற?"

"கஞ்சி விஷயமா போறேன்."

பொய் இல்லை. கீழே இறங்கும்போது நானாவிடம் சொன்னேன், "ஜெபம் முடிஞ்சு கஞ்சி எங்கன்னு கேட்டா, மடுல்சீமைக்குப் போச்சுன்னு சொல்லிருங்க." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்து, தங்கச்சி வீட்டு அடுப்பில் பானையை ஏற்றினேன். பால்மாவைக் கரைத்துப் பிள்ளைக்குக் கரண்டியால் புகட்டினேன். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு நாக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு கரண்டியை விடமாட்டேன் என்றது. அடேயப்பா, அந்தப் பிடியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கஞ்சி வெந்ததும் ஒரு கோப்பையில் ஊற்றி, ஆற்றித் தாயிடம் நீட்டினேன். அவள் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை மட்டும் நீட்டவில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமக்கா."

"நான்தான் அன்னைக்கே வேணாம்னு சொன்னேனே!"

"நீங்க சொன்னீங்க. ஐயா சொல்லலியேக்கா. சாமிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். இவ விஷயத்துல வாக்கு மாறப்பிடாதுல்ல."

கெஞ்சினேன். திட்டினேன். பிள்ளையை நினைத்துப் பார் என்றேன். பிள்ளையை நினைத்துத்தான் மாட்டேன் என்கிறாள், அவளிடம் போய் வேறு என்னத்தைச் சொல்ல? என் வார்த்தைக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு. பாட்டெடுத்துக் கொடுக்கிறவள் நான், ஒலிபெருக்கியில் பேசியவர் அவர். கட்டிப்போட்டவர் வந்துதான் அவிழ்க்க வேண்டும். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் பானையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, அவளுடைய கோப்பையைத் தட்டால் மூடி அடுப்போரத்தில் வைத்தேன். கோபத்தில் கண்ணீர் வந்தது. புகையென்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பொழுது இறங்குகிற நேரத்தில் ஏற்றத்தில் ஓர் ஆள் தனியாக வருவது தெரிந்தது. குழாயும் இல்லை, பேட்டரியும் இல்லை. வெள்ளை வேட்டி முழங்கால்வரை சேறு. என் கணவர்தான். ஜெபத்தை முடித்து ஆமென் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தவர்களுக்குக் குளிர்ந்த அடுப்புதான் இருந்திருக்கிறது. நானா மாடிக்கு ஏறிப்போய் நான் சொன்னதைச் சொல்லியிருக்கிறார். இவர் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிவிட்டார்.

உள்ளே வந்து மண்தரையில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் பதறி எழும்பப் பார்த்தாள்.

"இரும்மா. நான் சொன்னது தப்பு. எந்த நாள்ல மா போடுறாங்கன்னு கேட்காம சொல்லிட்டேன். ஆண்டவர் உங்கிட்ட இதைக் கேட்கல, நான்தான் கேட்டேன். குடிம்மா."

"தப்பு இல்லீங்க ஐயா. சாமி கேட்டுச்சுங்களே. பாலு வந்துருச்சுங்களே."

அவளைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை ரொட்டியை மேலே அனுப்பினாள், வெள்ளிக்கிழமையே பால்மா டின் ஏற்றம் ஏறி வந்துவிட்டது. என் கோபத்தையும் பஸ்ஸையும் நானாவின் பேரப்பிள்ளையையும் ஆண்டவர் உபயோகித்துக்கொண்டார் என்று அவள் நம்பினால், இல்லை என்று சொல்ல நான் யார்? என் கணவர், செத்துப்போன ஒரு சிறு பெண்ணை இயேசு எழுப்பிய கதையைச் சொன்னார். அதை அவர் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறார், எப்போதும் அவள் எழுந்ததோடு முடித்துவிடுவார். அன்றைக்குத்தான் மீதியையும் சொன்னார்.

"அவ எழும்பி நடந்ததும் எல்லாரும் ஆச்சரியப்பட்டு நிக்கிறாங்க. அப்போ அவர் என்ன சொன்னாரு தெரியுமா? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது குடுங்கன்னாரு. பசிக்கும்னு அவருக்குத்தான் தோணிச்சு."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் கோப்பையைத் தொடவில்லை. அப்போது அவர், தந்திரமாக இல்லை, உண்மையிலேயே களைத்துப்போய்ச் சொன்னார்: "நானும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலம்மா."

"ஐயோ, ஐயா சாப்புடலியா!"

எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த ஆள் பசியோடு உட்கார்ந்திருக்கிறதை லயத்துப் பெண் பொறுக்கமாட்டாள். பானையிலிருந்து அவளே ஊற்றி இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, "நீ குடிச்சாத்தான் நானும்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அடுப்போரத்திலிருந்த கோப்பையை எடுத்து நீட்டினேன். குடித்தாள். நான் இந்தப் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வீடு வந்த பிறகு மூப்பர் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன், பதிலுக்குப் பதில் கொடுக்க எல்லாம் தயாராக வைத்திருந்தேன். மனிதர் இரண்டு வாரம் போல சபைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை அவருடைய லொறி வந்து கிழங்கு மூட்டைகளைக் கடை வாசலில் இறக்கியது. அவரும் இறங்கினார்.

"சிஸ்டர், ஒரே ஒரு காரியம். கஞ்சி குடிக்கிற நேரத்துல மைக் வேணாம். குடிக்கிறவன் ஆமென் சொல்லணும்னு நாம எதிர்பார்க்கக் கூடாது. யாரு குடுத்ததுன்னும் சொல்லாதீங்க. அந்தப் பேரு யாருக்கும் வேணாம்."

தயாராக வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை உபவாசம் பதுளையில் நடந்தது, பானை மடுல்சீமையில் கொதித்தது. ஜெபம் முடிந்து வருகிறவர்களுக்குச் சாயத் தேத்தண்ணிதான். சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் வேறு சபைக்குப் போனார்கள். போகட்டும். சுவிசேஷம் சொல்வதை என் கணவர் விடவில்லை, அது ஞாயிற்றுக்கிழமை. ஒலிபெருக்கியை எடுக்கும் முன்னால் லயம் லயமாக நடந்து, யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று பார்த்துவிட்டு வருவார். பிரசங்கம் நீளம் குறைந்தது.

பஞ்சம் தணிந்து, அவள் புருஷனும் ஹாலிஎலயிலிருந்து திரும்பி வந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை நானும் அவளும் பானையைக் கழுவப் பீலிக்குப் போனோம். பாறையிலிருந்து தகரத்தில் தண்ணீர் விழுகிற இடம். பிள்ளை எங்களுக்கு நடுவில் நின்று, விழுகிற தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தது. தொடையில் சதை பிடித்திருந்தது. அவள் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்கிறவள் போலக் கேட்டாள்.

"ஏன்க்கா, நான் மொத வெள்ளிக்கெழமயே கேட்டேன். சாமி ஏன் அம்புட்டு நாளு எடுத்துச்சு?"

குறையாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. என் கணவர் அங்கே இருந்திருந்தால் ஆண்டவருடைய வேளை என்று ஏதாவது சொல்லியிருப்பார். எனக்கு அது வாயில் வரவில்லை.

"சாமி எடுக்கல தங்கச்சி. அவரு மொத வெள்ளிக்கிழமையே எங்ககிட்ட சொல்லியிருப்பாரு. நாங்கதான் ஜெபம் முடியட்டும்னு கண்ண மூடிக்கிட்டு இருந்தோம்."

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். தண்ணீர் பானைக்குள் விழுந்துகொண்டிருந்தது. பிறகு பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் உட்காரவைத்தாள்.

"அப்ப அடுத்த வாரம் இதவிடப் பெரிய பானையாக் கொண்டாங்கக்கா. மேல் லயத்துல ஒருத்தி நேத்துத்தான் பிள்ள பெத்துருக்கா."

சரி என்றேன்.